ஆளுக்குப் பாதி படம்

(மன்னார்குடிக் கடைத்தெருவில் ஒரு சலூன். வியாழக்கிழமை, காலை பதினொரு மணி. கூட்டம் இன்னும் வரவில்லை. கழுத்து வரை வெள்ளைத் துணி போர்த்திய நிலையில் நாற்காலியில் இருப்பவர் பாஸ்கரன், நாளிதழ் முகவர். விடியற்காலை மூன்றரை மணிக்குப் பேருந்து நிலையத்தில் பேப்பர் கட்டுப் பிரிக்கிறவர். ஆகவே இரவு ஒன்பதரைக்கு மேல் அவர் கண் அவர் பேச்சைக் கேட்காது. பின்னால் கத்தரிக்கோலோடு நிற்பவர் செல்வம். கடையைப் பூட்டி வீடு போய்ச் சேர அவருக்குப் பத்து மணி ஆகும். எட்டாம் வகுப்பிலிருந்து சிநேகிதம். இரண்டு பேருமே தங்களைப் பெரிய ஓடிடி விமர்சகர்களாக நினைத்துக்கொண்டிருப்பவர்கள்.)

செல்வம்: தலையைக் குனி. நேற்று ராத்திரி என்ன படம்?

பாஸ்கரன்: 'மெய்யழகன்'. அடடா, என்ன படம்! சொந்த வீடு கைவிட்டுப் போய், தஞ்சாவூரை விட்டே ஒரு குடும்பம் கிளம்புகிறது. 22 வருஷம் கழித்து ஒரு கல்யாணத்துக்காக அரவிந்த்சாமி நீடாமங்கலம் வருகிறார்.

செல்வம்: எங்கள் வீட்டிலும் நேற்று அதுதான். ஆமாம், நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்திருக்கும் காட்சி வந்ததா?

பாஸ்கரன்: நான் விழித்திருந்தவரை வரவில்லை.

செல்வம்: நான் போய் உட்கார்ந்த பிறகும் வரவில்லை.

பாஸ்கரன்: நடுவில் வந்திருக்கும்.

செல்வம்: நடுவில் கேட் போட்டிருந்தால் நான் பத்து மணிக்குப் போனபோதும் வண்டிகள் நின்றுகொண்டுதான் இருந்திருக்கும். சரி, கதையைச் சொல்.

பாஸ்கரன்: கல்யாண வீட்டில் கார்த்தி வந்து, "அத்தான், அத்தான்" என்று ஒட்டிக்கொள்கிறார். சாப்பாடு என்ன, உபசாரம் என்ன! ஆனால் அரவிந்த்சாமிக்கு அவர் யாரென்றே தெரியவில்லை. பெயரும் ஞாபகம் இல்லை. கேட்கவும் கூச்சம்.

செல்வம்: பிறகு?

பாஸ்கரன்: பிறகு பேப்பர் கட்டு வந்துவிட்டது.

செல்வம்: படத்திலா?

பாஸ்கரன்: பேருந்து நிலையத்தில். அலாரம் அடித்து எழுந்தேன். கண்ணாடி மூக்கிலேயே இருக்கிறது, ரிமோட் நெஞ்சின்மேல் இருக்கிறது, அரவிந்த்சாமியைத்தான் காணோம்.

செல்வம்: (கத்தரிக்கோலை நிறுத்தி) பெயர் தெரியாத விருந்தாளியா அவர்? என் மானமே போயிற்று பாஸ்கரா. நான் போகும்போது, அவர் விடிவதற்குள் சொல்லாமல் கொள்ளாமல் அந்த வீட்டை விட்டு நழுவிக்கொண்டிருந்தார். சாப்பிட்ட வீட்டில் எதையோ சுருட்டிக்கொண்டு போகிறார் என்று நினைத்தேன். என் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "திருட்டுப் பயலுக்கா அழுகிறாய்?" என்று கேட்டுவிட்டேன்.

பாஸ்கரன்: அண்ணி என்ன சொன்னார்கள்?

செல்வம்: ஒன்றும் சொல்லவில்லை. தோசை மாவு தீர்ந்துவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

பாஸ்கரன்: கடைசியில் பெயர் தெரிந்ததா இல்லையா? காலையிலிருந்து அந்த ஒரு கவலைதான். பேப்பர் போடும்போதுகூட அதே யோசனை. இரண்டு வீட்டில் பேப்பரை மாற்றிப் போட்டுவிட்டேன்.

செல்வம்: தெரிந்தது.

பாஸ்கரன்: என்ன பெயர்?

செல்வம்: படத்துக்கு என்ன பெயர் என்று சொன்னாய்?

பாஸ்கரன்: 'மெய்யழகன்'... (கண்ணாடியில் தன் முகத்தையே பார்க்கிறார்) அட! எழுத்துப் போடும்போதே சொல்லிவிட்டார்களா?

செல்வம்: அரவிந்த்சாமியாவது மறந்துபோனார். நீ படித்துவிட்டுத்தானே உட்கார்ந்தாய்?

பாஸ்கரன்: படம் ரொம்ப நீளம், அதனால்தான். தியேட்டரில் வந்த சில நாளிலேயே 18 நிமிடத்தை வெட்டினார்களே, தெரியுமா?

செல்வம்: 18 நிமிடம். நீ ஒரே ராத்திரியில் இரண்டு மணி நேரத்தை வெட்டியிருக்கிறாய். என் கையில்கூட இவ்வளவு வேகம் கிடையாது. காதை மடி.

(தண்ணீர் பீச்சுகிறார். பாஸ்கரன் கண்ணை மூடித் திறக்கிறார்.)

பாஸ்கரன்: என்னைச் சொல்கிறாயே, நீ முதலிலிருந்து பார்க்க வேண்டியதுதானே? சற்றுப் பின்னால் நகர்த்தினால் போதுமே?

செல்வம்: வீட்டில் எட்டு மணிக்குப் படம் போட்டுவிடுகிறார்கள். நான் பத்து மணிக்குப் போய், எனக்காக முதலிலிருந்து போடுங்கள் என்று சொன்னால், அங்கே வேறு படம் ஓடும். அதில் நான்தான் வில்லன். எனக்கு எல்லாக் கதையும் யாராவது சாகும்போதுதான் தொடங்குகிறது. ஐந்து வருஷமாக ஒரு கதாநாயகி சிரித்து நான் பார்த்ததில்லை.

பாஸ்கரன்: நான் பார்த்த படங்களில் ஒருவர்கூடச் சாகவில்லை. எல்லோரும் நன்றாக இருக்கிறார்கள். அப்போதுதான் அறிமுகமாகிச் சிரித்துப் பேசுகிறார்கள்.

செல்வம்: அதனால்தான் நீ நிம்மதியாகத் தூங்குகிறாய்.

பாஸ்கரன்: நிம்மதியா? தொடர் என்றால் ஒரு பகுதி முடிந்ததும் அடுத்தது தானாக ஓடத் தொடங்குகிறது. நான் குறட்டை விடுகிறேன், அது மூன்று பகுதி, நான்கு பகுதி என்று போய்க்கொண்டே இருக்கிறது. நடுநடுவே, "இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறீர்களா?" என்று கேட்கிறது. எங்கள் வீட்டில் என்னை அவ்வளவு மரியாதையாக விசாரிப்பது அது ஒன்றுதான். பதில் சொல்லத்தான் நான் விழித்திருப்பதில்லை. மறுநாள் பார்த்தால், நான் விரும்பிப் பார்த்தவை என்று ஒரு வரிசையைக் காட்டி, அதே மாதிரி இன்னும் பத்துத் தொடர்களைப் பரிந்துரைக்கிறது. அத்தனையும் கொரியத் தொடர்! நான் தூங்கியதை வைத்து என் ரசனையைக் கண்டுபிடித்திருக்கிறது.

செல்வம்: கொரியா என்றதும் ஞாபகம் வருகிறது. 'ஸ்க்விட் கேம்' பார்த்தாயே, எப்படி இருந்தது?

பாஸ்கரன்: நம் பள்ளிக்கூட விளையாட்டுத்தான். ஒரு பெரிய பொம்மை திரும்பி நிற்கும்போது ஓட வேண்டும், நம் பக்கம் திரும்பினால் அசையாமல் நிற்க வேண்டும். பச்சைச் சட்டை போட்டு 456 பேர் நின்றார்கள். திருவிழா மாதிரி இருந்தது.

செல்வம்: 456 பேரா? நான் போனபோது இரண்டு பேர்தான் இருந்தார்கள்.

பாஸ்கரன்: மீதி 454 பேர் எங்கே?

செல்வம்: என்னைக் கேட்டால்? அவர்கள் உன் பொறுப்பில்தானே இருந்தார்கள்?

பாஸ்கரன்: (துணிக்குள் கையை ஆட்டி) வீட்டுக்கு அனுப்பியிருப்பார்கள்.

செல்வம்: அந்த இரண்டு பேர் மழையில் சண்டை போட்ட விதத்தைப் பார்த்தால் யாரும் வீட்டுக்குப் போன மாதிரி தெரியவில்லை. அசையாதே, கத்தரிக்கோல் காதுக்குப் பக்கத்தில் இருக்கிறது. பொம்மை திரும்பிவிட்டதாக நினைத்துக்கொள்.

(பாஸ்கரன் மூச்சை அடக்கி உட்கார்ந்திருக்கிறார். செல்வம் பிளேடை உறையோடு இரண்டாக ஒடித்து, ஒரு பாதியைச் சவரக்கத்தியில் செருகுகிறார்.)

பாஸ்கரன்: வீட்டில் சிரித்து மகிழ ஒரு படம் வேண்டுமென்றால் 'மகாராஜா' போட்டுக்காட்டு. விஜய் சேதுபதியின் 50-வது படம். வயிறு வலிக்கச் சிரித்தேன்.

செல்வம்: (கத்தி அந்தரத்தில் நிற்கிறது) எது, 'மகாராஜா'வா?

பாஸ்கரன்: ஆமாம். லட்சுமியைத் திருடிவிட்டார்கள் என்று காவல் நிலையத்துக்கு வந்து நிற்கிறார். லட்சுமி யாரென்றால் குப்பைத்தொட்டி! தகரக் குப்பைத்தொட்டி! போலீஸ்காரர்கள் விரட்டுகிறார்கள், அடிக்கிறார்கள், மனிதர் நகர மாட்டேன் என்கிறார். கண்டுபிடித்துக் கொடுத்தால் லட்சக்கணக்கில் பணம் தருகிறேன் என்கிறார். சிரித்துக்கொண்டே தூங்கிவிட்டேன்.

செல்வம்: பாஸ்கரா, நான் போனபோது எங்கள் வீட்டில் ஒரு சத்தம் இல்லை. என் மாமியார் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார். பெண் எழுந்து அம்மா பக்கத்தில் போய் ஒண்டிக்கொண்டாள். கடைசிக் காட்சி முடிந்தும் யாரும் விளக்கைப் போடவில்லை. எழவு வீட்டுக்குள் நுழைந்த மாதிரி நான் டிபன் பாக்ஸைக்கூடச் சத்தமில்லாமல் வைத்தேன். அதில் குப்பைத்தொட்டி எங்கே இருந்தது?

பாஸ்கரன்: நீ வேறு படம் பார்த்திருப்பாய்.

செல்வம்: விஜய் சேதுபதிதான், அனுராக் காஷ்யப்தான், எல்லாம் சரிதான். கதையையே முன்னும் பின்னுமாகக் கலைத்துப் போட்டிருக்கிறார்களாம், என் பெண் சொன்னாள். யார் கண்டது, நான் பார்த்ததுதான் முதல் பாதியோ என்னவோ.

பாஸ்கரன்: அதெல்லாம் இருக்கட்டும், உன் தொழில்காரர் என்ற முறையில் அவர் எப்படிச் செய்திருக்கிறார், சொல்.

செல்வம்: யார் என் தொழில்காரர்?

பாஸ்கரன்: மகாராஜாதான். சலூன் வைத்திருப்பவர். ஏன், தெரியாதா?

(நீண்ட அமைதி. செல்வம் சவரக்கத்தியை மேசைமேல் வைக்கிறார். நல்லவேளையாக.)

செல்வம்: சலூன்காரரா? கதாநாயகன் சலூன்காரர், அதைச் சீனாவில் போய்ப் போட்டுக் காட்டியிருக்கிறார்கள், என் வீட்டில் மூன்று பேர் உட்கார்ந்து பார்த்திருக்கிறார்கள், ஒருவருக்கும் என்னிடம் சொல்லத் தோன்றவில்லையா?

பாஸ்கரன்: கதை சோகமாக இருந்ததால் சொல்லாமல் விட்டிருப்பார்கள்.

செல்வம்: சோகம் கிடக்கட்டும்! கத்தரிக்கோலை எப்படிப் பிடித்தார்? சுண்டுவிரல் கொக்கியில் இருந்ததா? சீப்பை எந்தக் கையில் வைத்திருந்தார்?

பாஸ்கரன்: அதற்குள் குப்பைத்தொட்டி வந்துவிட்டது.

செல்வம்: கழுத்தில் துணியை முடிந்தாரா, கிளிப் போட்டாரா?

பாஸ்கரன்: செல்வம், நான் என்ன பரிசோதகரா?

செல்வம்: 30 வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கிறேன். என் தொழிலைப் பற்றி ஒரு படம் வந்தால், முழிப்பாக இருந்த நேரத்தில் அதைக்கூடக் கவனிக்காமல் சிரித்திருக்கிறாய். கன்னத்தை உப்பு.

(சோப்பு நுரை பூசுகிறார், தேவைக்குச் சற்று அதிகமாகவே. கொஞ்ச நேரம் கத்தி இழுபடும் சத்தம் மட்டும்.)

பாஸ்கரன்: (நுரைக்குள்ளிருந்து) 'அயலி' பார்த்தாயா?

செல்வம்: பார்த்தேன். எட்டுப் பகுதியும். பெண்ணுக்குக் காய்ச்சல் என்று அன்று கடையைத் திறக்கவில்லை. காலையிலேயே உட்கார்ந்துவிட்டோம்.

பாஸ்கரன்: நானும் முழுதாகப் பார்த்தேன். பேப்பர் வராத நாள், மதியமே தொடங்கிவிட்டேன். புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம். பெண் வயதுக்கு வந்துவிட்டால் பள்ளிக்கூடம் கிடையாது, கல்யாணம்தான் என்று ஊர்க்கட்டுப்பாடு. அந்தத் தமிழ்ச்செல்வி டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்பதற்காக, வயதுக்கு வந்ததையே மறைக்கிறாள்.

செல்வம்: ஆமாம்.

பாஸ்கரன்: நன்றாக இருந்தது.

செல்வம்: ரொம்ப நன்றாக இருந்தது.

(மின்விசிறி சுற்றுகிறது. வெளியே ஒரு பஸ் போகிறது.)

பாஸ்கரன்: வேறு என்ன?

செல்வம்: வேறு என்ன இருக்கிறது? இரண்டு பேரும் முழுதாகப் பார்த்துவிட்டோமே.

பாஸ்கரன்: முழுதாகப் பார்த்தால் பேச ஒன்றுமே இல்லாமல் போய்விடுகிறது.

செல்வம்: அந்தக் காலத்தில் டெண்டுக் கொட்டகையில் முழுதாகத்தானே பார்த்தோம்? இரண்டாவது ஆட்டம் பார்த்துவிட்டு வீடு வரைக்கும் பேசிக்கொண்டே வருவோமே.

பாஸ்கரன்: அங்கே மூட்டைப்பூச்சி தூங்க விடவில்லை. இப்போது சோபா வாங்கிக் கெட்டுப்போனேன். சரி, அதை விடு. 'சுழல்' முதல் பாகத்தின் முடிவை மட்டும் சொல்லிவிடு. 2022 ஜூனில் தொடங்கியது. 2025 பிப்ரவரியில் இரண்டாம் பாகமே வந்துவிட்டது. எனக்கு இன்னும் முதல் பாகத்தின் குற்றவாளி தெரியவில்லை.

செல்வம்: உனக்கு எதுவரை தெரியும்?

பாஸ்கரன்: மலையடிவார ஊர். மயானக் கொள்ளைத் திருவிழா நடக்கிறது. சிமெண்ட் ஆலை பற்றி எரிகிறது. அதே ராத்திரி பார்த்திபனின் மகள் காணாமல் போகிறாள். கதிர் விசாரிக்கிறார். எனக்குப் பார்த்திபன்மேலேயே சந்தேகம்.

செல்வம்: ஏன்?

பாஸ்கரன்: நான் தூங்கும்போது கடைசியாகத் திரையில் இருந்தது அவர்தான்.

செல்வம்: (உற்சாகமாகிவிடுகிறார்) கேள். எட்டாவது பகுதி. நான் செருப்பைக் கழற்றுகிறேன், உள்ளே ஐஸ்வர்யா ராஜேஷ் நிற்கிறார். எனக்கு அவர் யார், அந்தப் பெண்ணுக்கு என்ன உறவு, ஒன்றும் தெரியாது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சாப்பாட்டுத் தட்டை மடியில் வைத்தார்கள், கை அதன் பாட்டில் ரசத்தைப் பிசைகிறது, கண் திரையில் இருக்கிறது. அந்த ஆள் பேசத் தொடங்குகிறான். நாம் யாரை நினைக்கவே மாட்டோமோ அவன். எப்படிப் பேசுகிறான் தெரியுமா? இப்படி ஒரு பக்கமாகத் திரும்பி... இப்படி... கையை இப்படி ஓங்கி... அந்தப் பெயரைச் சொன்னதும், பாஸ்கரா, ரசம் என் சட்டையில்! பார்த்தாயா, நான் சொன்னதும் உனக்கே பேச்சு வரவில்லை. பாஸ்கரா? பாஸ்கரா!

(பாஸ்கரனின் தலை வலப்பக்கம் சாய்ந்திருக்கிறது. மெல்லிய குறட்டை. செல்வம் படிகாரக் கல்லை நனைத்து அவர் மோவாயில் தேய்க்கிறார்.)

பாஸ்கரன்: (திடுக்கிட்டு) முழிப்பாகத்தான் இருக்கிறேன்! ஆலை எரிகிறது, பிறகு?

செல்வம்: பிறகெல்லாம் முடிந்துவிட்டது. சொல்லியாயிற்று.

பாஸ்கரன்: யார் என்று மட்டும் மறுபடியும் ஒரு தடவை... (கண்ணாடியைப் பார்க்கிறார். முகத்தை இடப்பக்கம் திருப்புகிறார். வலப்பக்கம் திருப்புகிறார். மறுபடியும் இடப்பக்கம்.) செல்வம், இந்தப் பக்கம் எனக்கு ஒரு கிருதா இருந்ததே?

செல்வம்: (கத்தியைத் துடைத்தபடி) இருந்தது.

பாஸ்கரன்: எங்கே அது?

செல்வம்: காணவில்லை.

பாஸ்கரன்: நான் தூங்கும்போது கடைசியாக யார் பக்கத்தில் இருந்தது?

செல்வம்: அவசரப்படாதே. அந்தப் பக்கக் கிருதாவையும் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது. தலையை நேராக வை.