இடுப்பில் குண்டு நிரப்பிய துப்பாக்கியா?

ஐபிஎஸ்சி (IPSC) என்ற சர்வதேசத் துப்பாக்கிச் சுடுதல் கூட்டமைப்பின் கைத்துப்பாக்கிப் போட்டிகளைப் பற்றி வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ சுற்றுகிறது. 'நாள் முழுக்க குண்டு நிரப்பிய துப்பாக்கியோடு திரிவார்கள். தவறிச் சுட்டால் பாயின்ட் மட்டும் குறையும். வேகமாகச் சுட்டவரே ஜெயிப்பார்' என்று கீழே எழுதியிருக்கிறார்கள். மூன்றுமே தவறு.

இடுப்பில் துப்பாக்கி இருக்கும், உண்மைதான். ஆனால் காலியாக. சுடுவதை மேற்பார்வையிடும் ரேஞ்ச் அதிகாரி பக்கத்தில் நின்று கட்டளை கொடுத்த பிறகுதான் குண்டு போட முடியும். சுட்டு முடித்ததும் மேகசினை (தோட்டாக்கள் இருக்கும் பெட்டி) உருவி, சேம்பரை (தோட்டா ஏறி நிற்கும் அறை) திறந்து காலி என்று அவருக்குக் காட்ட வேண்டும். அதன்பிறகே உறைக்குள் வைக்கலாம். துப்பாக்கியைத் தொட்டுப் பார்க்கத் தனி இடம் உண்டு. அங்கே தோட்டாவைக் கையில் எடுத்தாலே ஆள் வெளியே. வெடிக்காத டம்மி தோட்டாவுக்கும் இதே விதி!

தவறுதலாக வெடித்தால் பாயின்ட் கழிப்பதில்லை, அந்தப் போட்டியிலிருந்தே நீக்கிவிடுவார்கள். குழல்முனை சுடும் திசையிலிருந்து 90 பாகை எல்லையைத் தாண்டித் திரும்பினாலும் அப்படித்தான். கண்ணுக்கும் காதுக்கும் பாதுகாப்பும் கட்டாயம்.

வேகக் கணக்கு? புள்ளிகளை விநாடியால் வகுப்பார்கள். 10 விநாடியில் 60 புள்ளி எடுத்தவருக்கு 6. 8 விநாடியில் 40 எடுத்தவருக்கு 5 தான். இலக்கைத் தவறவிட்டால் 10 புள்ளி போகும்.

சந்தேகம் இருந்தால் ஐபிஎஸ்சி இணையதளத்தில் விதிப்புத்தகம் இலவசமாகவே கிடைக்கிறது. 8, 10ஆம் அத்தியாயங்களைப் பாருங்கள். அந்த வீடியோ உங்களுக்கும் வந்திருந்தால், தயவுசெய்து மேற்கொண்டு அனுப்பாதீர்கள்.