லாரியைத் திருப்பி அனுப்ப அதிகாரம் இல்லை, கையெழுத்து மட்டும் என்னுடையதா?

கட்டட சைட்டில் சிவில் இன்ஜினியராக இருந்த நான் சாஃப்ட்வேருக்கு மாறியதை, "வெயிலுக்குப் பயந்து ஐடிக்கு ஓடிட்டான்" என்று இன்னும் எத்தனை நாளைக்குத்தான் சொல்வீர்கள்? வெயில் எனக்கு ஒரு பொருட்டே இல்லை. விடிய விடிய கான்கிரீட் ஓடும்போது பம்ப் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன், சொல்லப்போனால் அந்த வேலை எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தாங்க முடியாமல் போனது வேறு.

ஆலையிலேயே கலந்த கான்கிரீட்டோடு ரெடிமிக்ஸ் லாரி வந்து நிற்கும். 300 மி.மீ. உயரக் கூம்பை மூன்று அடுக்காக நிரப்பி, ஒவ்வொரு அடுக்கையும் 25 முறை குத்தி, மெதுவாகத் தூக்கி, கான்கிரீட் எவ்வளவு அமுங்குகிறது என்று ஸ்லம்ப் அளப்பேன், அதுதான் அதன் இளக்கத்துக்கு அளவு. சரியாக இருக்கும். பிறகு வலிமையைச் சோதிப்பதற்கான கியூப் அச்சுகளையும் நிரப்பிவிடுவேன். அப்புறம்தான் கூத்தே ஆரம்பம். பாதி லாரி இறங்குவதற்குள் "கெட்டியா இருக்கு, பம்ப் இழுக்கல" என்று ஒரு குரல் வரும், அடுத்த நிமிஷம் டிரைவர் ஹோஸைத் தூக்கி டிரம்முக்குள் தண்ணீர் விட்டுக்கொண்டிருப்பார். நிறுத்தச் சொன்னால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். மேனேஜருக்குப் போன் போட்டால், "தம்பி, எல்லா சைட்லயும் இப்படித்தான், வேலையை நிறுத்தாதீங்க" என்று வைத்துவிடுவார்.

தண்ணீர் கூடினால் வலிமை குறையும் என்பது அங்கே இருக்கிற எல்லாருக்கும் தெரியும். சிமெண்ட்டோடு சேராத தண்ணீர் உள்ளே நுண்துளைகளை விட்டுவிட்டுப் போகும், பின்னாளில் அதன் வழியாகத்தான் ஈரம் இறங்கிக் கம்பி துருப்பிடிக்கும். இளக்கம்தான் வேண்டுமென்றால் தண்ணீர் கூட்டாமலே இளக்கும் பிளாஸ்டிசைசர் என்ற ரசாயனம் அதற்கென்றே இருக்கிறது, அதை அளந்து சேர்க்க அந்த ஆலையின் ஆளைக் கூப்பிட வேண்டும், கொஞ்ச நேரம் காத்திருக்க வேண்டும். அந்தக் கொஞ்ச நேரம்தான் யாருக்கும் இல்லை!

இதில் வயிறெரிவது எதற்கென்றால், நான் எடுத்த கியூப் தண்ணீர் விடுவதற்கு முந்தைய கான்கிரீட். அது 28 நாள் கழித்து ஜோராகப் பாஸ் ஆகும். தளத்தில் கிடப்பது அது இல்லை. ஆனால் அந்த ரிப்போர்ட்டில் "சைட் இன்ஜினியர்" என்ற இடத்தில் இருப்பது என் கையெழுத்து. ஒருவேளை ஃபெயில் ஆகிவிட்டால், அதற்குள் மேலே அடுத்த தளம் எழும்பியிருக்கும், அப்போது எல்லாரும் தேடுவதும் இந்தச் சின்னப் பையனைத்தான். தண்ணீர் விடச் சொன்னவர் பெயர் எந்தத் தாளிலும் இருக்காது.

சாஃப்ட்வேரிலும் அவசரம் உண்டு, ராத்திரி போன் உண்டு, கத்துகிற மேனேஜர் உண்டு. ஆனாலும் நான் இருக்கும் டீமில் டெஸ்ட் ஃபெயில் என்றால் ரிலீஸ் அங்கேயே நிற்கும், நேற்றுச் சேர்ந்தவர் தப்பைக் காட்டினாலும் சீனியர் உட்கார்ந்து பார்ப்பார். யார் எதை மாற்றினார்கள், யார் ஒப்புக்கொண்டார்கள் என்று பெயரோடு பதிவாகும். மனிதர்கள் குடியிருக்கப்போகும் கட்டடத்துக்கு இந்த அளவு மரியாதைகூடக் கிடையாதா?

"முதல் அஞ்சு வருஷம் அப்படித்தான், பொறுத்துக்கணும்" என்று அறிவுரை சொல்லும் பெரியவர்களே, கஷ்டத்தைப் பொறுக்கலாம், பொய்க்குக் கையெழுத்துப் போடுவதை எதற்குப் பொறுக்க வேண்டும்? சைட்டில் நிற்கும் ஜூனியருக்கு ஒரு லாரியைத் திருப்பி அனுப்பும் அதிகாரத்தை எழுத்தில் கொடுங்கள். அதைக் கொடுத்துவிட்டு வந்து, ஏன்டா சிவிலை விட்டாய் என்று கேளுங்கள்.