வெள்ளித்தேரோடு முடிந்துவிடவில்லை

பினாங்கு நகரத்தார் (செட்டியார்கள்) வெள்ளித்தேர் படத்துக்குக் கீழே, "செட்டியார் காசெல்லாம் கோயிலுக்குத்தான் போச்சு, படிப்புக்கு ஒன்றுமில்லை" என்று ஒரு தம்பி எழுதியிருக்கிறார். தைப்பூசத்துக்குப் பினாங்கு ஸ்திரீட் கோயில் வீட்டிலிருந்து தேர் கிளம்புவதை மட்டும் பார்த்தால் அப்படித் தோன்றும்தான். ஆனால் இங்கே மலாயாவில் ரப்பர்த் தோட்டம் வைத்திருந்த அழகப்பச் செட்டியாரைத் தம்பி மறந்துவிட்டார். சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு அவர் கொடுத்த 5 லட்சம் ரூபாயில் 1944-இல் வந்ததுதான் கிண்டி ஏ.சி. டெக் என்கிற தொழில்நுட்பக் கல்லூரி. அப்புறம் காரைக்குடியில் சிக்ரி என்கிற மின்வேதியியல் ஆய்வகம் வர 300 ஏக்கர் நிலமும் 15 லட்சமும் தந்தார். அந்தக் காலத்து 15 லட்சம், கவனியுங்கள்! 1948-இல் நேருவே வந்து அடிக்கல் நாட்டினார். பேட்டரி, இரும்பு துருப்பிடிக்காமல் காப்பது என்று இன்றும் அங்கே ஆராய்ச்சி நடக்கிறது. கோட்டையூரில் தான் குடியிருந்த வீட்டையே பெண்கள் கல்லூரிக்குக் கொடுத்த மனிதர் அவர்.

அதற்காக, மேலே இன்னொருவர் சொல்வதுபோல், அவர் பெயரில் காரைக்குடியில் இருக்கும் அழகப்பா பல்கலைக்கழகம் இப்போதும் குடும்பச் சொத்து என்பதும் சரியில்லை. 1985-இலிருந்து அது தமிழக அரசுப் பல்கலைக்கழகம். சிக்ரி, இந்திய மத்திய அரசின் அறிவியல் ஆராய்ச்சி அமைப்பான சி.எஸ்.ஐ.ஆரின் ஆய்வகம். அவர் 1957-இல் மறைந்த பிறகு குடும்பத்தார் கையில் இருப்பது தனியான பள்ளிகளும் அறக்கட்டளையும்தான்.