"சும்மா தமாஷுக்குச் சொன்னேன்" என்பதற்கு முன்னால்

புருஷன் பெண்டாட்டி சண்டையில் சிரிப்பு வந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பார்கள். அது பாதி உண்மைதான். யாரை வைத்துச் சிரிக்கிறோம், எந்த நேரத்தில் சிரிக்கிறோம் என்பது மீதிப் பாதி.

கட்டிலில் ஈரத் துண்டு கிடக்கிறது. "என்னங்க, திரும்பவும் துண்டைக் கட்டில்லயே போட்டுட்டீங்களா?" என்கிறாள். "ஆமா, உங்க அப்பா வீடு அரண்மனையாச்சே!" என்று அவன் சிரிக்கிறான். கூடத்தில் இருக்கும் மாமியாரும் சிரிக்கிறார். அவ்வளவுதான். துண்டுப் பிரச்சினை போய், பிறந்த வீட்டுப் பிரச்சினை வந்துவிட்டது.

அதே இடத்தில், "நாப்பது வயசாச்சு, ஒரு துண்டைக் காயப்போடத் தெரியல பாரு எனக்கு" என்று சொல்லிக்கொண்டே எழுந்து போய்க் கொடியில் போட்டிருந்தால் அவளும் சிரித்திருப்பாள். கேலி தன் மேலேயே விழுந்தது, கையும் வேலையைச் செய்தது. கை அசையவில்லை என்றால் நாலாவது நாள் அந்த ஜோக்கே எரிச்சலைக் கிளப்பும்.

அமெரிக்காவில் ஜான் காட்மன், ராபர்ட் லெவன்சன் என்ற இரு உளவியலாளர்கள், தம்பதியரை உட்காரவைத்து ஒத்துப்போகாத ஒரு விஷயத்தைப் பற்றி 15 நிமிடம் பேசச் சொல்லி, வீடியோ எடுத்து, இதயத் துடிப்பையும் அளந்து, வருஷக்கணக்கில் ஆராய்ந்தார்கள். அந்த வீடியோக்களை வகைப்படுத்தக் காட்மன் உருவாக்கிய முறையில், இருவரும் சேர்ந்து சிரிப்பது நல்ல உணர்வுக் கணக்கில் வரும். நக்கலும் குத்தலும் பழித்துக் காட்டுவதும் 'அவமதிப்பு' என்ற கணக்கில் வரும். மணமுறிவுக்கு முன்னறிகுறியாக அவர் முதலில் சொல்வது இந்த அவமதிப்பைத்தான். எனவே நக்கலைச் செய்துவிட்டு "தமாஷ்" என்று பெயர் மாற்றுவதை நான் ஒருபோதும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

நேரத்துக்கு வருவோம். கோபத்தில் இதயம் நிமிடத்துக்கு 100-க்கு மேல் அடிக்க ஆரம்பித்துவிட்டால், எதிரில் இருப்பவர் சொல்வதைச் சரியாக வாங்கிக்கொள்ளவே முடியாது என்கிறார் காட்மன். அந்த நிலையில் நல்ல ஜோக்கும் ஏளனமாகத்தான் கேட்கும். ஆகவே சிரிப்புக்கு இடம் சண்டையின் ஆரம்பத்தில், குரல் ஏறுவதற்கு முன்பு. ஏறிவிட்டதா, சிரிக்கவைக்கப் பார்க்காதீர்கள். "இப்ப வேணாம், சாப்பிட்டுட்டு எட்டரைக்குப் பேசலாம்" என்று நேரம் சொல்லி விலகுங்கள். உடம்பு அடங்கக் குறைந்தது 20 நிமிடம் வேண்டும். அந்த நேரத்தில் பதிலடியை மனசுக்குள் ஒத்திகை பார்த்தால் துடிப்பு இறங்காது. பாத்திரம் கழுவலாம், மொட்டை மாடியில் நடக்கலாம். எட்டரைக்குக் கட்டாயம் திரும்பி வரவேண்டும். வராவிட்டால் அடுத்த முறை உங்கள் "அப்புறம் பேசலாம்" செல்லாது.

கேலிக்கே கொண்டுவரக் கூடாதவை சில உண்டு. உடம்பு, நிறம், சம்பளம், குழந்தை இல்லாதது, இரு பக்கத்துப் பெற்றோர், ஒருமுறை மன்னிப்புக் கேட்டு முடிந்துபோன பழைய தவறு. பிள்ளைகள் முன்னாலோ உறவினர் முன்னாலோ என்றால், சாதாரணமாக இருவரும் சிரிக்கிற விஷயம்கூட வலிக்கும்.

சொன்ன ஜோக் எடுபடவில்லை, முகம் சுருங்கிவிட்டது என்றால்? "இதுகூடப் புரியலையா? எல்லாத்துக்கும் கோவமா?" என்று கேட்பதுதான் பெரிய தப்பு. பழி முழுவதையும் வலித்தவர் தலையில் கட்டுகிற பேச்சு அது. "தப்பான நேரத்துல சொல்லிட்டேன். நீ சொல்லு, கேக்கிறேன்" என்பது போதும்.

அடிக்குப் பயந்து சிரிக்கிற பெண்களும் உண்டு. அந்த வீட்டுக்கு இதில் எதுவும் பொருந்தாது. அங்கே தேவை பாதுகாப்பு, 181 என்ற பெண்கள் உதவி எண்.

மற்ற வீடுகளில், சிரித்து முடித்ததும் விஷயத்துக்குத் திரும்புங்கள். ஸ்கூல் ஃபீஸ் கட்டுவதைப் பற்றித்தான் சண்டை என்றால், சிரிப்பு அடங்கிய அந்த ஐந்து நிமிடத்திலேயே யார், எந்தத் தேதியில், எந்தக் கணக்கிலிருந்து கட்டுவது என்று பேசிக் காலண்டரில் குறித்துவிடுங்கள்.