குலுக்கலிலேயே பதில் இருக்கிறது

அமெரிக்காவின் சார்ட்டர் பள்ளிகளையும் (அரசுப் பணத்தில் தனி அமைப்புகள் நடத்தும் பள்ளிகள்) இருமொழி வகுப்புகளையும் (ஆங்கிலத்திலும் இன்னொரு மொழியிலும் பாடம் நடத்துபவை) ஒன்றாகச் சேர்த்து, அக்கறையுள்ள பெற்றோரின் பிள்ளைகள் சேர்வதால்தான் மதிப்பெண் கூடுகிறது என்று உங்கள் கட்டுரை முடித்துவிட்டது. சந்தேகம் நியாயமானதுதான். ஆனால் ஓரிகன் மாநிலத்து போர்ட்லாண்டில் இதைச் சோதித்தே பார்த்துவிட்டார்கள்.

அங்கே அரசுப் பள்ளிகளின் இருமொழி வகுப்புகளுக்கு இடத்தைவிட விண்ணப்பம் அதிகம். அதனால் குலுக்கல். இடம் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் ஒரே ஆர்வத்தோடு விண்ணப்பித்தவர்கள்தான். ராண்ட் என்ற ஆய்வு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் இந்த இரு தரப்பையும் ஒப்பிட்டார்கள். இடம் கிடைத்த பிள்ளைகள் ஆங்கில வாசிப்பில் ஐந்தாம் வகுப்பில் சுமார் 7 மாதமும், எட்டாம் வகுப்பில் 9 மாதமும் முன்னே இருந்தார்கள். ஆரம்ப வகுப்புகளில் பாதி நேரமோ அதற்கு மேலோ ஸ்பானியம், சீனம், ஜப்பானியம், ரஷ்யம் என்று வேறு மொழியில் படித்த பிள்ளைகள் இவர்கள்! கணிதத்தில் லாபம் தெரியவில்லை, நஷ்டமும் இல்லை.

சார்ட்டர் கதை வேறு. பாஸ்டன் சார்ட்டர் பள்ளிகளில் குலுக்கல் வழி ஆய்வுகள் நல்ல முன்னேற்றம் காட்டின. ஆன்லைன் சார்ட்டர் பள்ளிகளிலோ, ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கிரெடோ கல்வி ஆய்வு மையம் 2015-இல் சொன்னபடி, கணிதத்தில் ஆண்டுக்கு 180 பள்ளி நாள் இழப்பு. அதாவது அந்த வருடம் கணக்குப் பாடமே நடக்காத மாதிரி. பள்ளியை யார் நடத்துகிறார்கள் என்பதைத்தான் ‘சார்ட்டர்’ என்ற பெயர் சொல்கிறது. உள்ளே என்ன நடக்கிறது என்பதையல்ல.

எனவே இரண்டுக்கும் சேர்த்து ஒரே தீர்ப்பு எழுதாதீர்கள். இருமொழி வகுப்புகளில் இடங்களைக் கூட்டுங்கள் என்று கேளுங்கள், வீட்டில் ஆங்கிலம் பேசாத பிள்ளைகளுக்கு முதலில்.