அந்தத் தம்பி செய்தது தப்பே இல்லை

சந்தேகம் வந்து மெஷினை நிறுத்திய எங்கள் ஆலை டிரெய்னித் தம்பியை மேனேஜர் வாட்ஸப் குழுவில் அவமானப்படுத்தியதைப் பற்றி செவ்வாய்க்கிழமை இங்கே நாலு வரி போட்டிருந்தேன். இரண்டு நாளாக இன்பாக்ஸில் வந்து "விடுங்க அண்ணே, எல்லாக் கம்பெனியிலும் நடக்கிறதுதானே" என்கிறீர்கள். என்னால் விட முடியவில்லை.

ராத்திரி 2.20. துளை சரியான அளவில் இருந்தால் உள்ளே இறங்க வேண்டிய கோ கேஜ் என்ற அளவுக் கருவி இறங்கவில்லை. தம்பி அடுத்தடுத்து மூன்று பீஸ் எடுத்துப் பார்த்தான். மூன்றும் அப்படியே. மெஷினை நிறுத்திவிட்டு எனக்கு போன் அடித்தான். போய்ப் பார்த்தால் துளையை வெட்டுகிற இன்சர்ட்டின் முனை தேய்ந்திருக்கிறது. அதை மாற்றி, மெஷினில் ஆஃப்செட் அளவைச் சரிசெய்து, முதல் பீஸுக்கு குவாலிட்டியில் ஓகே வாங்கி மறுபடி ஓட்ட 50 நிமிஷம் ஆனது. நடந்தது அவ்வளவுதான். காலையில் 63 பேர் இருக்கிற வாட்ஸப் குழுவில் அவன் போட்டோவைப் போட்டு, "இவரால் டார்கெட் போச்சு" என்று மேனேஜர் எழுதுகிறார். வேலைக்குச் சேர்ந்து நாலு மாசம்கூட ஆகாத டிரெய்னி அவன்.

கெட்ட செய்தியை மற்றவர்களால் யாரிடம் பயமில்லாமல் வந்து சொல்ல முடிகிறதோ அவன்தான் தலைவன். நான் சொல்ல வருவது இது ஒன்றுதான். சம்பளமோ கேபினோ பெயருக்குக் கீழே இருக்கிற பதவியோ ஒருவரைத் தலைவராக்காது.

இது நான் கண்டுபிடித்ததும் இல்லை. கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் என்று ஓர் ஊர். அங்கே இருந்த கார் ஆலையை 1982ல் ஜெனரல் மோட்டார்ஸ் மூடியது. டொயோட்டாவோடு சேர்ந்து 1984ல் அதே கட்டடத்தைத் திறந்தார்கள். பெரும்பாலும் பழைய தொழிலாளர்களையே திரும்ப எடுத்தார்கள். முன்பு என்ன ஆனாலும் உற்பத்தி லைன் நிற்கக் கூடாது. புது ஆலையிலோ சந்தேகம் வந்தால் லைனை நிறுத்த எந்த ஆபரேட்டரும் கயிற்றை இழுக்கலாம். இழுத்தவுடன் டீம் லீடர் ஓடிவந்து என்ன உதவி வேண்டும் என்று கேட்பார். அதே ஆட்களின் கையிலிருந்து நல்ல கார்கள் வந்தன. ஆட்கள் மாறவில்லை, நடத்திய விதம்தான் மாறியது. நம் ஆலைகளிலும் அதேபோல் சிக்கலைத் தெரிவிக்கிற 'ஆண்டான்' (andon) விளக்கை வாங்கி மாட்டியிருக்கிறோம். அதை எரியவிட்டவனைத்தான் குழுவில் போட்டோ போடுகிறோம்.

"நாங்க எல்லாம் திட்டு வாங்கித்தான் தொழில் கத்துக்கிட்டோம்" என்று ஒரு சீனியர் கமெண்ட் போட்டிருந்தார். அண்ணே, நானும் வாங்கினேன். அதில் என்ன கற்றேன் என்று இதுவரை யாரிடமும் சொன்னதில்லை, இங்கே சொல்கிறேன். 2009. அன்று சாயங்காலம்தான் ஃபோர்மேன் எல்லார் முன்னாடியும் என் அம்மாவை இழுத்துத் திட்டியிருந்தார். ராத்திரி, உள்ளே போகவே கூடாத நோ-கோ கேஜ் துளைக்குள் சர்ரென்று போய்விட்டது. அளவு கூடிவிட்டது என்று என் விரலுக்கே தெரிந்தது. சுற்றிப் பார்த்தேன். யாரும் இல்லை. பீஸை நல்ல பீஸ்கள் போடுகிற பெட்டியில் போட்டுவிட்டு மெஷினை ஓட்டினேன். மூன்று வாரத்தில் கஸ்டமர் லாட்டைத் திருப்பி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எல்லாரும் கெட்ட பீஸ்களைப் பொறுக்கினோம், நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். யார் செய்தது என்று கடைசிவரை தெரியவில்லை. திட்டு எனக்கு மறைக்கத்தான் கற்றுக்கொடுத்தது.

"இப்படி ஆளாளுக்கு நிறுத்தினா டார்கெட்டை யார் எடுப்பது?" நியாயமான கேள்விதான், எனக்கும் மாசக் கடைசியில் அந்த நெருக்கடி உண்டு. ஆனால் தம்பி விளையாட்டுக்கா நிறுத்தினான்? "கம்பெனி விஷயத்தை ஃபேஸ்புக்கில் எழுதலாமா?" கம்பெனி பெயரை நான் எழுதவில்லை. அவன் போட்டோவை 63 பேருக்கு அனுப்பும்போது இந்த அக்கறை யாருக்கும் வரவில்லையே.

1979 ஆகஸ்டில் எஸ்.எல்.வி-3 ராக்கெட் கடலில் விழுந்தபோது பத்திரிகையாளர்கள் முன் உட்கார்ந்து பொறுப்பேற்றவர் இஸ்ரோ தலைவர் சதீஷ் தவான். அடுத்த ஜூலையில் வெற்றி வந்தபோது அந்தத் திட்டத்தின் இயக்குநர் அப்துல் கலாமைப் பேச அனுப்பினார். இந்தச் சம்பவத்தைப் போன மாசம் அதே குழுவில் பகிர்ந்தவர் எங்கள் மேனேஜர்தான். படித்து எனக்குக் கண் கலங்கியது. நல்ல மனுஷன் என்று நினைத்தேன். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது.

இந்தப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை, ஒரு வார்த்தை சொன்னால் பையைத் தூக்கிக்கொண்டு உணவு டெலிவரிக்குப் போய்விடுகிறார்கள் என்கிறோம். போகாமல் என்ன செய்வான்? திருவண்ணாமலை பக்கத்திலிருந்து வந்து, ஒரே அறையில் ஆறு பேராகத் தங்கி, தூங்காமல் வேலை பார்க்கிறவன். கேஜ் இறங்கவில்லை என்று பார்த்துக்கொண்டே பீஸை அனுப்பாமல் இருந்தான். 2009ல் எனக்கு இல்லாத தைரியம் அது.

எழுத எழுத இன்னொன்றும் வந்து நிற்கிறது. அந்த மெசேஜுக்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல் போட்டார்கள். நான் போடவில்லை. ஆனால் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. "சந்தேகம் வந்தா நிறுத்துடா, நான் பாத்துக்கறேன்" என்று முதல் நாளே அவனிடம் சொன்னவன் நான். அப்ரைசல் மாசம் என்று வாயை மூடிக்கொண்டேன். மேனேஜர்மேல் இருக்கிற கோபத்தில் பாதி என்மேல்தான்.

இரண்டு நாளாக அவன் வரவில்லை. நேற்று அறைக்கே போனேன். டீ வாங்கிக் கொடுத்தான். "நிறுத்தியிருக்கக் கூடாதாண்ணா?" என்று கேட்டான். நிறுத்தியதுதான் சரி என்று சொன்னேன். டம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இன்றைக்கு நைட் ஷிப்ட் வருகிறேன் என்றிருக்கிறான். நிறுத்தச் சொன்னது நான்தான் என்று அதே குழுவில் இப்போதுதான் எழுதினேன். இதுவரை 41 பேர் பார்த்திருக்கிறார்கள். பதில் எதுவும் வரவில்லை.