கம்பி ஒன்று, கடை பல

போன வாரம் ஒரு சாயங்காலம் நெட் பெட்டியில் மறுபடி சிகப்பு விளக்கு. மூன்று வாரத்தில் இது நாலாவது முறை. பெங்களூரு ஹொரமாவு பக்கம் எங்கள் அப்பார்ட்மெண்டில் நூற்றுப் பத்து வீடு, நெட் கொடுப்பது ஒரே கம்பெனி. மாறிக்கொள்கிறேன் என்று அசோசியேஷன் செயலாளரிடம் போனால், "பில்டர் காலத்து அக்ரிமெண்ட் சார், வேற யாரும் ஷாஃப்ட்ல ஒயர் இறக்க முடியாது" என்கிறார். கும்பகோணத்துக்காரர், நல்ல மனிதர். அவர் வீட்டிலும் அதே சிகப்பு விளக்குதான்.

கேட்டைத் தாண்டினால் நிலைமை தலைகீழ். தெருமுனைப் புங்க மரத்தில் எத்தனை கம்பெனி ஒயர் சுற்றியிருக்கிறது என்று எண்ண ஆரம்பித்து, ஏழோடு நிறுத்திவிட்டேன். மாநகராட்சி ஆட்கள் அவ்வப்போது வந்து வெட்டிப் போடுவார்கள். இரண்டே நாளில் எல்லாம் மறுபடி மரமேறிவிடும்.

பழுது பார்க்க வந்தது ஒரு கிருஷ்ணகிரிப் பையன். ஸ்கூட்டர் சீட்டுதான் அவனுக்கு மேஜை. முடி கனத்துக் கண்ணாடி இழையை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, இரு முனையையும் மெஷினில் எதிரெதிரே வைத்து மூடினான். ஒரு சின்னப் பொறி, அவ்வளவுதான், ஒட்டிக்கொண்டது. "இந்த ஒரு கோர்ல, அதாவது ஒரு இழைல, முப்பத்திரண்டு வீடு ஓட்டலாம்ணா. இது இருபத்திநாலு கோர் கேபிள். பாதிக்கு மேல சும்மாதான் கிடக்கு" என்றான்.

சும்மா கிடக்கிற அந்தக் கோர்தான் ராத்திரி முழுக்க மண்டையில் ஓடியது. ஒரு கேபிளுக்குள் இவ்வளவு இடம் காலியாக இருக்க, எதற்கு மரத்தில் ஏழு கேபிள்?

இந்தக் கேள்வி நம் நாட்டுக்குப் புதிதில்லை. 2004-லேயே அரசு டெலிபோன் கம்பெனிகளான பிஎஸ்என்எல், எம்டிஎன்எல்லின் செம்புக் கம்பிகளை மற்ற கம்பெனிகளுக்கும் திறந்துவிடச் சொன்னது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய். அந்த வருடமே வந்த அரசின் பிராட்பேண்ட் கொள்கை, அதை அவரவர் பேசித் தீர்த்துக்கொள்ளும் வியாபார ஒப்பந்தமாக விட்டுவிட்டது. கம்பி வைத்திருப்பவன் எதற்குப் பேச வருவான்? ஆளாளுக்குத் தனிக் கம்பி இழுத்தார்கள். 2017-ல் டிராய் மறுபடி, கட்டிடத்துக்குள் ஒரே கம்பெனிக்கு என்று எழுதிக்கொடுக்கும் ஒப்பந்தமே கூடாது என்று பரிந்துரைத்தது. 2024-ல் கட்டிடங்களுக்கு நெட் வசதியைப் பார்த்து நட்சத்திரம் கொடுக்கும் விதிமுறையும் வந்தது. ஆனால் நட்சத்திரம் கேட்டு விண்ணப்பிப்பது கட்டிடக்காரர் இஷ்டம். எங்கள் பில்டர் கேட்பாரா என்ன!

போட்டியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 2019 செப்டம்பரில் ஜியோ ஃபைபர் 699 ரூபாய்க்கு வந்தது, அடுத்த வருடமே 399-க்கு இறங்கியது. அந்தப் போட்டி இல்லாவிட்டால் இன்றைக்கு இந்த விலை கிடைத்திருக்காது. எனக்கு வேண்டியது கடைக்காரர்களின் போட்டி. அதற்காக ஆளுக்கொரு ரோடா போடுவது?

மும்பையில், செம்பூரில் சில வருடம் இருந்தேன். அங்கே புறநகரில் கரண்ட் ஒயர் பெரும்பாலும் ஒரு கம்பெனியுடையது. ஆனால் 2009-லிருந்து அதே ஒயர் வழியாகவே இன்னொரு மின்சாரக் கம்பெனியான டாடா பவருக்கு மாறிக்கொள்ளலாம். ஒயர் வாடகைக்கு பில்லில் 'வீலிங் சார்ஜ்' என்று தனித் தொகை. யாரும் சுவரைத் துளைக்கவில்லை. வாடகை எவ்வளவு என்று மின்சார ஆணையத்தில் வருடக்கணக்கில் சண்டை நடந்தது, அதையும் சொல்ல வேண்டும். ஸ்டாக்ஹோமில் 1994-லேயே நகராட்சியே ஒரு கம்பெனி வைத்து, வெறும் இழையை மட்டும் எல்லாருக்கும் வாடகைக்கு விட ஆரம்பித்தது. அது வீடுகளுக்கு நெட் விற்காது. கம்பிக்காரனும் கடைக்காரனும் ஒரே ஆளாக இல்லாததால்தான் அங்கே வாடகை எல்லாருக்கும் ஒன்றுபோல் இருக்கிறது என்பது என் கணிப்பு.

அதனால் ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழுவில் ஒரு யோசனை வைத்தேன். அக்ரிமெண்ட் முடிந்ததும் ஷாஃப்ட்டுக்குள் அசோசியேஷனே சொந்தமாக ஃபைபர் இறக்கட்டும், எந்தக் கம்பெனியானாலும் தரைத்தளப் பெட்டி வரை கொண்டுவந்து கொடுக்கட்டும். எட்டுப் பேர் கை தூக்கினார்கள். பி பிளாக் மாமா மட்டும், "ராத்திரி பத்து மணிக்கு அந்த ஒயரை எலி கடிச்சா நான் யாருக்கு போன் பண்றது, உங்களுக்கா?" என்றார்.

சரியான கேள்வி. பராமரிப்புக்கு மாதம் எவ்வளவு ஆகும் என்று அந்தக் கிருஷ்ணகிரிப் பையனிடமே கேட்டிருக்கிறேன். நாளைக்குச் சொல்கிறேன் என்றான்.